அரைக் கிலோ: பர்மிங்காமில் நடந்த ஒரு கிறிஸ்துமஸ் சோதனை

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் குளிர்காலம் வந்துவிட்டது என்பதை நான் வானத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. அலுவலகச் சமையலறை மேசை சொல்லிவிடும். நவம்பர் கடைசி வாரத்தில் யாராவது ஒருவர் பெரிய சாக்லேட் டின் ஒன்றைக் கொண்டுவந்து வைப்பார். அது காலியாகும் முன்பே இரண்டாவது வந்துவிடும். அப்புறம் மின்ஸ் பை. பெயரில் ‘மின்ஸ்’ இருந்தாலும் இப்போது அதில் கறி கிடையாது. உலர்திராட்சை, ஆப்பிள், பட்டை, கிராம்பு, சர்க்கரை, கொழுப்பு எல்லாம் சேர்த்துக் கிளறி, மொறுமொறுப்பான மாவுக் கிண்ணத்தில் அடைத்துச் சுட்ட பண்டம். உள்ளங்கையில் அடங்கும். டீ போடப் போனவர் கை தானாக ஒன்றை எடுக்கும்.

அந்த மேசையிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்தில் இருக்கிறது பர்மிங்காம். 2016-லும் 2017-லும் அங்கே சில ஆராய்ச்சியாளர்கள் மொத்தம் 272 பேரைச் சேர்த்து, இந்த டின்களையும் பைகளையும் தாண்டி எடை கூடாமல் ஜனவரிக்குப் போய்ச் சேர முடியுமா என்று பார்த்தார்கள். ‘வின்டர் வெயிட் வாட்ச்’ என்று பெயர். பிரான்சிஸ் மேசன், அமாண்டா டேலி முதலியோர் எழுதிய அதன் முடிவு, 2018 டிசம்பர் 10 அன்று பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்தது. தேதியைப் பார்த்துத்தான் வெளியிட்டிருப்பார்கள் போலும். நாட்டில் பாதிப் பேர் வாயில் பை இருக்கும் நேரம் அது.

இரண்டு குழுக்களுக்கும் இடையே கடைசியில் கிடைத்த வித்தியாசம் அரைக் கிலோ. இதற்கா இத்தனை பாடு என்று எனக்கும் முதலில் தோன்றியது.

அதற்கு முன் ஒரு அமெரிக்கக் கணக்கு

பண்டிகை முடிவதற்குள் இரண்டு மூன்று கிலோ ஏறிவிடும் என்பது மேலை நாடுகளில் வெகுநாளாகப் புழங்கிய பேச்சு. அதை உண்மையாகவே நிறுத்துப் பார்த்தவர்கள், வாஷிங்டனை ஒட்டிய பெதஸ்டாவில் உள்ள அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த ஜாக் யனோவ்ஸ்கி குழுவினர். 195 பெரியவர்களை இலையுதிர் காலத்தில் நிறுத்தார்கள், பண்டிகைக்கு முன் நிறுத்தார்கள், பின் நிறுத்தார்கள், குளிர் முடியும்போது மறுபடி நிறுத்தார்கள். 2000 மார்ச்சில் வெளிவந்த முடிவு பலருக்கு ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கும். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி தொடக்கம் வரை சராசரியாக ஏறியது 0.37 கிலோ. 2.3 கிலோவோ அதற்கு மேலோ ஏறியவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. ஆனால் அவர்களையே கேட்டபோது, உண்மையில் ஏறியதைப் போல் நான்கு மடங்கு ஏறிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, 370 கிராம்தானே, போகட்டும் என்று விடலாமா? விட முடியாதபடி செய்வது அதே ஆய்வின் அடுத்த பகுதி. ஜனவரி, பிப்ரவரியில் அந்த எடை இறங்கவில்லை. ஏறியது ஏறியபடியே நின்றது. ஒரு வருஷம் கழித்து 165 பேர் திரும்ப வந்து எடை பார்த்துக்கொண்டார்கள். வருஷம் முழுக்க அவர்களுக்குக் கூடியிருந்தது 0.62 கிலோ. அதாவது வருஷத்துக்கு ஏறும் எடையில் பாதிக்கு மேல், ஆறேழு வாரப் பண்டிகைக் காலத்தில் ஏறியது. அதே வேகத்தில் இருபது வருஷம் போனால் பன்னிரண்டு கிலோ. இருபத்தைந்து வயதில் போட்ட பேன்ட் நாற்பத்தைந்தில் ஏன் ஏறவில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய மர்மம் எதுவும் தேவையில்லை. எந்த ஒரு டிசம்பரிலும் யாரும் கவனிக்காத அளவுக்கு அது சிறியது. சிக்கலே அங்கேதான்.

அமெரிக்க ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: நடமாட்டம் அதிகமாக இருந்ததாகவும் பசி குறைவாக இருந்ததாகவும் சொன்னவர்களுக்கு ஏற்றமும் குறைவு. இதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் பர்மிங்காமில் டிசம்பர் மூன்றாம் வாரம் காலை எட்டேகாலுக்குத்தான் சூரியன் எழும், மாலை நான்கடிக்கும் முன்பே விழுந்துவிடும் என்பதை அனுபவித்தவர்களுக்கு, ‘நடமாட்டத்தைக் கூட்டுங்கள்’ என்ற அறிவுரை எவ்வளவு சுலபமாகச் சொல்லப்படுகிறது என்பது தெரியும். வேலைக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. மிச்சம் இருப்பது சாப்பிடுவதும் உட்கார்வதும்.

272 பேருக்கு என்ன செய்தார்கள்

அலுவலகங்கள், பள்ளிகள், சமூக ஊடகங்கள் வழியாக ஆட்களைச் சேர்த்தார்கள். நான்கில் மூன்று பங்குக்கு மேல் பெண்கள். நவம்பர், டிசம்பரில் ஒருமுறை எடை பார்த்து, குலுக்கல் போட்டதுபோல் 136, 136 ஆகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஆரோக்கிய வாழ்வு பற்றிய சின்னத் துண்டுப் பிரசுரம் ஒன்று. அதில் சாப்பாட்டைப் பற்றி அறிவுரை எதுவும் கிடையாது.

மற்றப் பாதிக்கு மூன்று விஷயங்கள். முதலாவது, வாரத்துக்கு இரண்டு தடவையாவது, முடிந்தால் தினமும், வீட்டில் எடை பார்த்து ஓர் அட்டையில் எழுத வேண்டும். எழுதிய எண்கள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்று யோசிக்க வேண்டும். இரண்டாவது, பண்டிகைக் காலத்தில் எடையைக் கட்டுக்குள் வைத்துக்கொள்ளப் பத்து யோசனைகள். மூன்றாவது, ஒரு படப் பட்டியல்: எந்தப் பண்டத்தைத் தின்றால் எவ்வளவு நேரம் நடக்க வேண்டும் அல்லது ஓட வேண்டும் என்று. ஒரு மின்ஸ் பைக்கு 21 நிமிட ஓட்டம். மசாலா போட்டுச் சூடாக்கித் தரும் மல்ட் ஒயின் ஒரு சின்னக் கிளாஸுக்கு 33 நிமிட நடை. ‘230 கலோரி’ என்றால் யாருக்கும் எதுவும் உறைப்பதில்லை. குளிரில் 21 நிமிடம் ஓடுவது என்றால் மூச்சு வாங்குவது வரை மனசுக்குள் ஓடிப் பார்த்துவிடுகிறோம்.

இதில் எனக்குப் பிடித்தது அவர்கள் வைத்த இலக்கு. எடையைக் குறைக்கச் சொல்லவில்லை. வந்த எடையிலிருந்து அரைக் கிலோவுக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். கிறிஸ்துமஸ் அன்று வான்கோழி, வாத்துக் கொழுப்பில் வறுத்த உருளைக்கிழங்கு, பன்றி இறைச்சி சுற்றிய குட்டி சாசேஜ், பிராந்தி வெண்ணெய் வழியும் புட்டிங் எல்லாம் தட்டில் வந்து விழும்போது, ‘இந்த மாதம் மூன்று கிலோ குறைப்பேன்’ என்று சபதம் எடுத்தவர் முதல் ஸ்பூனிலேயே தோற்றுப்போகிறார். தோற்றவர், கெட்டது கெட்டாயிற்று என்று டின்னையே மடியில் வைத்துக்கொள்வார். ஏறாமல் நிற்பதே வேலை என்று ஆகிவிட்டால் அந்த ஒரு நாள் தோல்வியாகாது; மறுநாள் கணக்கில் சேரும்.

நான்கிலிருந்து எட்டு வாரம் கழித்து, ஜனவரி, பிப்ரவரியில் மறுபடி எடை. துண்டுப் பிரசுரம் வாங்கியவர்களுக்குச் சராசரியாக 0.37 கிலோ கூடியிருந்தது. ஆமாம், பெதஸ்டாவில் வந்த அதே எண். பதினாறு பதினேழு வருஷம் கழித்து, கடலுக்கு இந்தப் பக்கம், வேறு மனிதர்கள், வேறு சாப்பாடு. எண்கள் இப்படிப் பொருந்துவது பாதி தற்செயல்தான் என்று தெரிந்தும் படித்தபோது சிரித்துவிட்டேன். அட்டையில் எழுதியவர்களுக்கு 0.13 கிலோ குறைந்திருந்தது. ஆரம்ப எடை முதலியவற்றைச் சரிக்கட்டிப் பார்த்தால் வித்தியாசம் 0.49 கிலோ.

ஒரு நாளைக்குக் கால் பை

இந்த 370 கிராமைக் கலோரியாக மாற்றிப் பார்க்கலாம். ஒரு கிலோ உடல் கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி என்பது புழக்கத்தில் உள்ள தோராயக் கணக்கு. அப்படியானால் 370 கிராமுக்கு ஏறத்தாழ 2,850. ஆறரை வாரத்தில் பரப்பினால் ஒரு நாளைக்கு 60 சொச்சம் கலோரி. கால் மின்ஸ் பை. நாலு நாளைக்கு ஒரு பை கூடுதலாகத் தின்றவரும் தின்னாதவரும் ஜனவரியில் பிரிவது இந்த இடத்தில்தான்.

பிஎம்ஜே கட்டுரையின் முன்னுரையில், கிறிஸ்துமஸ் ஒரு நாளில் மட்டும் ஒருவர் 6,000 கலோரி சாப்பிடக்கூடும் என்று ஒரு வரி வருகிறது. பத்திரிகைகள் ஆவலோடு கவ்விக்கொள்ளும் வரி அது. ஆனால் அந்த எண்ணை மேலே சொன்ன எண்ணோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேவை இரண்டாயிரம் என்று கொண்டால், அந்த ஒரு நாளிலேயே நாலாயிரம் உபரி. அது மட்டுமே அரைக் கிலோவுக்கு வழி செய்துவிடும். ஆனால் பருவம் முழுவதற்கும் சேர்த்தே சராசரி 370 கிராம்தான். அப்படியென்றால் 6,000 சாப்பிடுகிறவர்கள் கொஞ்சம் பேராக இருக்க வேண்டும், இல்லையென்றால் மறுநாள் உடம்பே பசியைக் குறைத்துக் கணக்கை ஓரளவு நேர் செய்திருக்க வேண்டும். என் அனுபவம் இரண்டாவதன் பக்கம். 25-ஆம் தேதி மூக்குமுட்டச் சாப்பிட்டவனுக்கு 26-ஆம் தேதி காலை டீயைத் தவிர வேறெதுவும் இறங்காது.

ஆகவே பெரிய விருந்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த விருந்து வருஷத்துக்கு ஒன்று. எல்லோர் கண்ணிலும் படுகிறது. பாட்டி சுட்டது, மாமியார் கிளறியது என்று அதற்கு ஒரு மரியாதையும் இருக்கிறது. கால் பைக்கு மரியாதை கிடையாது. அது நின்றுகொண்டே, இன்னொருவரோடு பேசிக்கொண்டே, கம்ப்யூட்டர் திறக்கும்வரை காத்திருக்கும் நேரத்தில் உள்ளே போகிறது. சாப்பிட்டதாகவே மனசு பதிவு செய்வதில்லை. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி ஆறு வரை இந்த நாட்டில் அப்படிப்பட்ட நேரங்கள்தான் மிகுதி.

ஓட்டைகள்

இனி இந்த ஆய்வை நம்பிவிடாமல் பார்க்க வேண்டிய இடங்கள். அரைக் கிலோ என்பது நடு எண்தான். உண்மை வித்தியாசம் 130 கிராமிலிருந்து 850 கிராம் வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதை ஆய்வாளர்களே சொல்லியிருக்கிறார்கள். அதைவிட முக்கியமானது: ‘அரைக் கிலோவுக்கு மேல் ஏறக் கூடாது’ என்ற இலக்கைத் தொட்டவர்களின் பங்கை மட்டும் எடுத்துப் பார்த்தால், இரு குழுக்களுக்கும் இடையே தெளிவான வித்தியாசம் இல்லை. சராசரி நகர்ந்தது, ஆனால் இலக்கை அடைந்தோர் வரிசை நீண்டதாகச் சொல்ல முடியவில்லை. தலைப்புச் செய்தியாகக் கூடிய சங்கதி இல்லை இது.

மூன்று விஷயங்களையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுத்ததால், எது வேலை செய்தது என்றும் பிரிக்க முடியாது. எடை மெஷினா, பத்து யோசனையா, 21 நிமிட ஓட்டமா?

மெஷின்தான் என்று பலர் சொல்வார்கள். ஆனால் 2016-இல் வந்த இன்னொரு ஆய்வு இங்கே குறுக்கே நிற்கிறது. அமெரிக்கா, ஜெர்மனி, ஜப்பான் மூன்று நாட்டிலும் இணையத்தோடு இணைந்த எடை மெஷின் வாங்கி வைத்திருந்த 2,924 பேரின் எண்களை எடுத்துப் பார்த்தார்கள். மூன்று நாட்டிலும் கிறிஸ்துமஸை ஒட்டி எடை ஏறியிருந்தது. ஜப்பானில் ஏப்ரல் கடைசி, மே முதல் வார விடுமுறையிலும் ஏறியிருந்தது. இவர்கள் யார்? எடையில் அக்கறை உள்ளவர்கள், காசு கொடுத்து நல்ல மெஷின் வாங்கியவர்கள், அடிக்கடி அதன் மேல் ஏறி நிற்பவர்கள். ஆகவே ஏறி நிற்பது மட்டும் போதாது.

அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் 111 பேரை வைத்து நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு வழி காட்டுகிறது. அங்கே யோசனைப் பட்டியல் எதுவும் இல்லை. தினமும் எடை பார், வரைபடத்தில் உன் ஆரம்ப எடையைக் காட்டும் கோடு இருக்கும், அதைத் தாண்டாமல் பார்த்துக்கொள், எப்படி என்பது உன் பாடு. அப்படிச் செய்தவர்கள் எடை பண்டிகையில் ஏறவில்லை. ஒப்பிட்டுப் பார்த்த குழுவுக்கு 2.65 கிலோ ஏறியது. இந்த 2.65 எனக்குக் கொஞ்சம் இடிக்கிறது. மற்ற ஆய்வுகளோடு பார்த்தால் ஏழு மடங்கு. அதை ஓரமாக வைத்துவிட்டாலும் கோடு என்ற விஷயம் மிஞ்சுகிறது. மெஷின் வாங்கிய 2,924 பேரிடம் எண் இருந்தது. பர்மிங்காமிலும் ஜார்ஜியாவிலும் எண்ணோடு ஓர் எல்லையும் இருந்தது. என் ஊகம், சங்கதி அதில்தான் இருக்கிறது.

பர்மிங்காம் சோதனை குளிர்காலத்தோடு முடிந்துவிட்டது. அந்த அரைக் கிலோ வித்தியாசம் அடுத்த கிறிஸ்துமஸ் வரை நின்றதா என்று அதில் பார்க்கவில்லை.

நிமிடக் கணக்கு போடும் பட்டியலுக்கு இன்னொரு பக்கம் உண்டு. சாப்பிடுவதே பயமாகிப்போன நோயோடு போராடுபவர்களுக்காகப் பணியாற்றுகிறவர்கள் இந்த மாதிரிப் பட்டியலை ஏற்பதில்லை. சாப்பாடு என்பது ஓடிக் கழிக்க வேண்டிய கடன் என்ற எண்ணம் ஏற்கெனவே தலையில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தப் படம் விஷம். அவர்கள் வீட்டில் எடை மெஷினும் வேண்டாம், அட்டையும் வேண்டாம். இதில் எனக்கு மறுபேச்சே இல்லை.

குளியலறைக் காலண்டர்

கட்டுரையைப் படித்த வருஷம் நானே ஒரு காலண்டரைக் குளியலறைக் கதவில் ஆணியடித்து மாட்டினேன். ஒரு ஆள் செய்வது ஆய்வு ஆகாது. எண்கள் எப்படி ஆடும் என்று பார்க்கும் ஆசை, அவ்வளவே. “தினம் அது மேல ஏறி நின்னா எடை குறைஞ்சிடுமாங்க?” என்று மனைவி கேட்டார். குறையாது, ஏறாமல் இருந்தால் போதும் என்றேன். நம்பவில்லை.

நவம்பர் 27 காலை, காபிக்கு முன்: 78.4. பர்மிங்காம் கணக்குப்படி அரைக் கிலோ கூட்டினால் என் கோடு 78.9. டிசம்பர் 10 வரை 78.3-க்கும் 78.7-க்கும் நடுவில் ஆடியது. அலுவலக விருந்துக்கு மறுநாள் 79.2. இரண்டு நாளில் இறங்கியது. டிசம்பர் 24: 78.6. டிசம்பர் 27: 79.9.

அந்தக் காலைப்பொழுது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கோட்டைத் தாண்டி ஒரு கிலோ. மூன்றே நாளில் 1.3 கிலோ கொழுப்பு சேர வேண்டுமென்றால் பத்தாயிரம் கலோரி உபரியாக உள்ளே போயிருக்க வேண்டும். நான் தின்றது அதிகம்தான், அவ்வளவு இல்லை. மிச்சம் தண்ணீர். உப்பிட்டுப் பதப்படுத்திய ஹாம், சீஸ், குழம்பு என்று போன உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். மாவும் இனிப்பும் ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜனாகச் சேரும்போது ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைக் கூட வைத்துக்கொள்ளும். குடலில் கிடப்பது தனி. இதெல்லாம் தெரிந்திருந்தும் வயிற்றில் ஒரு திடுக்கிடல். ஆரம்பத்திலேயே ஒருமுறை ஆடி இறங்கியதைப் பார்த்திருக்காவிட்டால், ‘எல்லாம் போச்சு’ என்று அன்றே காலண்டரைக் கழற்றியிருப்பேன். வாரத்துக்கு இரண்டு தடவையாவது, முடிந்தால் தினமும் என்று பர்மிங்காமில் சொன்னதற்குக் காரணம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பவருக்கு அந்த ஒரு எண்ணே முழு உண்மை மாதிரி தெரியும்.

பட்டினி எதுவும் கிடக்கவில்லை. ரசமும் சோறும் அவரைக்காய்ப் பொரியலும். மதியம் வெளிச்சம் இருக்கும்போதே கால்வாய் ஓரமாக நாற்பது நிமிட நடை. டிசம்பர் 31: 78.9. சரியாகக் கோட்டின் மேல்.

ஜனவரி முதல் வாரம் அலுவலகம் திறந்தது. சமையலறை மேசையில் டின் அங்கேயே இருந்தது. உள்ளே மிச்சம் தேங்காய் வைத்த சாக்லேட் மட்டும். இந்த நாட்டில் பலர் அதைக் கடைசிவரை தொட மாட்டார்கள். ஒவ்வொரு ஜனவரியும் அது அனாதையாகக் கிடக்கும். தேங்காய் இல்லாமல் சட்னியே அரைக்கத் தெரியாத வீட்டில் வளர்ந்தவனுக்கு அது எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்.

ஜனவரி 8: 79.1. பக்கத்தில் பென்சிலில் ‘தேங்காய்’ என்று எழுதி வைத்தேன்.